உயிரோடிருந்த மூவருக்குச் சொன்ன மரித்தோர் செபம்

டென்மார்க்கில் எங்கள் கத்தோலிக்கக் கோவிலின் மண்டபத்தில் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே, தட்டுகளை நீட்டுவதற்கென்று சுவரில் ஒரு சிறிய சன்னல் இருந்தது. அதன் மரக்கதவைப் பாதி திறந்துவிட்டு நான் கூடத்தைப் பார்த்தபடி நின்றேன். எனக்குப் பின்னால் எண்ணெயில் லும்பியா பொரிந்துகொண்டிருந்தது. நமது ரோல்ஸுக்குத் தங்கை முறையான பிலிப்பைன்ஸ் பலகாரம் அது. மெல்லிய தோல், உள்ளே முட்டைக்கோவாவும் இறைச்சியும்.

கூடத்தின் எதிர்ப்புறத்தில் வெள்ளைத் துணி விரித்த மேசை. அதன்மேல் சட்டமிட்ட மூன்று கறுப்பு வெள்ளைப் படங்கள். ஒவ்வொரு படத்திலும் ஓர் இளம்பெண். படங்களின் முன்னால் மெழுகுதிரிகள் எரிந்தன. மூன்று படங்களுக்கும் மாலை போட்டிருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் எங்கள் ஆட்கள் வந்தார்கள். பழைய உடுப்புக் கடையில் வாங்கிய கோட்டுகளை மாட்டிக்கொண்டு, கார்களில் நெருக்கியடித்து வந்த தமிழ் ஆண்கள். சிரித்துக் கதைத்தபடி உள்ளே வந்தவர்கள் மேசையைக் கண்டதும் நின்றார்கள். ஒருவர் பின் ஒருவராகச் சிரிப்பு அடங்கியது. முன்னால் வந்த சூசை அண்ணை தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டார்.

சூசை அண்ணை ஊரில் கோவில் மூப்பராக இருந்தவர். செத்தவீடு என்றால் செபம் சொல்ல அவரைத்தான் கூப்பிடுவார்கள். வள்ளத்தில் நின்று கூப்பிட்டால் கரையில் கேட்கும் குரல். அவர் குனிந்து, படங்களின் கீழே அட்டையில் எழுதியிருந்த பெயர்களை எழுத்துக்கூட்டி வாசித்தார். பிறகு முழந்தாளிட்டார். மற்றவர்களும் முழந்தாளிட்டார்கள்.

மரித்தோர் செபத்தை அவர் ஒரு வரி விடாமல் முழுவதும் சொன்னார். இறந்தவரின் பெயர் வரவேண்டிய இடத்தில் மூன்று பெயர்களையும் ஒன்றொன்றாக, கூடம் அதிரச் சொன்னார்.

நடுவில் பங்குச்சபைத் தலைவர் கோப்பிக் குடுவையோடு உள்ளே வந்தார். டேனிஷ்காரர், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். இது தமிழர்கள் ஆயத்தம் செய்த கலைநிகழ்ச்சி என்று நினைத்திருக்க வேண்டும். குடுவையை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, கைகளைக் கோத்துக்கொண்டு தலைகுனிந்து நின்றார். முடிவில் எல்லோரும் ஆமென் சொன்னபோது அவரும் சொன்னார்.

எண்ணெய் வடியும் கரண்டியோடு நெனித்தா என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். இடது பக்கத்துப் படத்தில் இருந்த பெண் அவர்தான்.

"ஜெயா, என்ர பேரைச் சொல்லுறார். எனக்காக என்ன கேக்கிறார்?"

எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது உடைந்த டேனிஷ் மட்டும்தான். அதை என் பேச்சில் தருகிறேன்.  உங்களுக்கு நித்திய இளைப்பாற்றியைக் கேட்கிறார் என்பதை எந்த மொழியில், எந்த முகத்தோடு சொல்வது?

உணவு பரிமாறும் பெண்கள்

இந்தப் பத்திரிகைத் தொடரில் இந்தக் கிழமை, நான் கிழக்கு பெர்லினிலிருந்து இந்த நாட்டுக்கு ரயில் ஏறிய கதையைத் தொடர்வதாகத்தான் இருந்தேன். அது காத்திருக்கட்டும். தபாலில் வந்த ஒரு விழா மலர் என்னை வேறு பக்கம் இழுத்துவிட்டது.

எங்கள் பகுதித் தமிழர் இங்கே வந்து குடியேறிய வரலாற்றைச் சொல்லும் மலர். வழவழப்பான தாள், தங்க எழுத்து அட்டை. நடுவில் "எம்மை வரவேற்ற கரங்கள்" என்று ஒரு பக்கம். பாதிரியார், நகரபிதா, தொழிற்சாலை முதலாளி, உதைபந்தாட்டப் பயிற்சியாளர். எல்லாம் ஆண்கள். எல்லாருக்கும் முழுப்பெயர், பட்டம், பதவி. அதே பக்கத்தின் அடியில், தீப்பெட்டி அளவில் ஒரு படம். கையில் தட்டோடு நெனித்தா. பக்கத்தில், தலையில் காகித முடி சூடிய சாரிங், மேசைமேல் இருந்த மூவரில் இன்னொருவர். அதன்கீழே அச்சிட்டிருந்தது: "விருந்தினருக்கு உணவு பரிமாறும் பிலிப்பைன்ஸ் பெண்கள்."

அந்தப் படத்தைக் கொடுத்தவள் நான். பெயர்களையும் எழுதித்தான் கொடுத்தேன்.

மலர்க்குழுவில் இருக்கும் தம்பியைத் தொலைபேசியில் பிடித்தேன். தள்ளுவண்டியில் கிடந்த காலத்திலிருந்தே அவரை எனக்குத் தெரியும்.

"பேரெல்லாம் கிடந்தது அன்ரி. கடைசி நேரத்தில இடம் காணாமப் போச்சு."

"அந்த இடத்தில என்ன வந்தது?"

"நகைக்கடை விளம்பரம் அன்ரி. அவை கொஞ்சம் பெரிசாக் கேட்டவை."

"தம்பி, நீர் பிறக்கேக்க உம்மட அம்மாவை ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனது ஆரெண்டு தெரியுமோ?"

"அப்பாவா இருக்கும்."

"அப்பா அண்டைக்கு வேலையில நிண்டவர். கொண்டுபோனது தட்டோட நிக்கிற இந்த உணவு பரிமாறும் பெண்."

 அடுத்த பதிப்பில் பார்ப்போம் என்றார். விழா மலருக்கு அடுத்த பதிப்பு வந்ததை என் வாழ்நாளில் நான் கண்டதில்லை.

இன்னொரு வசனமும் அந்த மலரில் இருந்தது. நம் பெண்கள் இந்நாட்டுக்கு வந்தது, முன்னே வந்த கணவன்மார் அவர்களை அழைத்த பின்னரே என்று. அப்படியானால் கணவரையும் மகளையும் கொழும்பில் ஒரு விடுதி அறையில் விட்டுவிட்டு, அந்தச் சமையலறைச் சன்னலில் நின்றவள் யார் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அதற்கும் இடம் காணாது.

பனி விழுந்த ஏப்ரல்

தேதி விஷயத்தில் நான் பிடிவாதக்காரி. வாசகர்களுக்கு இது இப்போது பழகியிருக்கும். நெனித்தாவுக்கோ தேதி என்பதே கிடையாது. எந்த வருடம் வந்தீர்கள் என்று கேட்டால், ஏப்ரலிலும் பனி விழுந்த வருடம் என்பார். எப்போது கல்யாணம் என்று கேட்டால், கோடை வராமலே போன வருடம் என்பார். பழைய பத்திரிகைகளின் வானிலைப் பக்கங்களைத் தேடிப் பார்த்திருக்கிறேன். இந்த நாட்டில் ஏப்ரலில் பனி விழாத வருடத்தைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம்.

அறுபதுகள் முடிந்து எழுபதுகள் தொடங்கிய காலம் என்று வைத்துக்கொள்ளலாம். நெனித்தா, பிலார், சாரிங் ஆகிய மூவரும் ஒரே விமானத்தில் கோபன்ஹேகனுக்கு வந்தார்கள். ஹோட்டலில் அறை துப்புரவு செய்யும் வேலை. மேசையில் இருந்த படங்கள் அப்போது எடுத்தவை. வெள்ளை ஏப்ரன், தலையில் குத்திய தொப்பி, மூவருக்கும் ஒரே சிரிப்பு.

பிறகு ஒருவர் பின் ஒருவராக, நாட்டின் மேற்கே நாங்கள் இருக்கும் யூலண்ட் பக்கம் வந்தார்கள். நெனித்தா பன்றிப்பண்ணை வைத்திருந்த ஸ்வென் என்பவரைக் கட்டினார். பிலாரும் சாரிங்கும் இக்காஸ்ட் நகரத்துத் தையல்கூடங்களில் சேர்ந்தார்கள். சாரிங்தான் மூவரில் மூத்தவர். கட்டில் விரிப்பு மாற்றி மாற்றி அவருடைய முழங்கால்கள் அப்போதே போய்விட்டன.

அவர்கள் வந்தபோது இந்தப் பகுதியில் பிலிப்பைன்ஸ்காரர் என்று யாருமே இல்லை. மொழி, பாட்டு, பண்டிகை எல்லாவற்றையும் மூன்று பெண்களுமாகத்தான் தூக்கி நிறுத்தினார்கள். சன்னல் திரைத்துணியில் பண்டிகை உடுப்புத் தைத்தார்கள். கிறிஸ்து பிறப்பான நத்தாருக்கு மூங்கிலுக்குப் பதிலாக வில்லோ குச்சியை வளைத்து நட்சத்திரக் கூடு கட்டினார்கள். தங்கள் பிள்ளைகளுக்கும், பின்னால் வந்த பெண்களின் பிள்ளைகளுக்கும் சனிக்கிழமைகளில் பாட்டுச் சொல்லிக் கொடுத்தார்கள்.

தபசுகாலத்தில் அவர்களுடைய ஊரில் ஆண்டவரின் பாடுகளைக் காலை தொடங்கி மறுநாள் வரை ராகம் போட்டுப் பாடுவார்களாம். முதல் சில வருடங்கள் அவர்களிடம் புத்தகம் இருக்கவில்லை. பிலாருக்கு ஒரு பகுதி ஞாபகம், நெனித்தாவுக்கு ஒரு பகுதி. மிச்சமெல்லாம் சாரிங்கின் தலைக்குள் இருந்தது. பண்ணை வீட்டின் முன்னறையில், வெளியே பன்றிகள் சத்தம்போட, மூவருமாக அதைப் பாடி முடிப்பார்கள்.

ஊரில் அதே பாடுகளைப் புலம்பி வாசிக்கும் வியாகுலப் பிரசங்கம் கேட்டு வளர்ந்த எங்களுக்கு அது அந்நியமாகத் தெரியவில்லை. சூசை அண்ணை ஒருமுறை வந்து கதவோரம் இருந்து கடைசிவரை கேட்டார். மெட்டு வேறு, அழுகை ஒன்றுதான் என்றார். அதோடு, எங்களில் அதை ஆண்கள் அல்லவா வாசிப்பது என்றும் கேட்டுவைத்தார். இங்கே வாசிக்கத் தெரிந்த ஆண் யாரும் வந்து சேரவில்லை என்று சாரிங் பதில் சொன்னார்.

மூவரையும் நாங்கள் ஆத்தே என்று கூப்பிடுவோம். அவர்களுடைய மொழியில் அக்கா.

யார் கணவர்?

எண்பதுகளில் நாங்கள் அகதிகளாக வந்து சேர்ந்த முதல் குளிர்காலத்தில் எங்களைத் தேடி வந்தவர்கள் இந்த மூவர்தான். கொமூன் என்கிற நகரசபை கொடுத்த வீட்டில் இருந்த எங்களுக்கு அரிசி விற்கும் கடையைக் காட்டினார்கள். பாலில் எத்தனை வகை என்று சொல்லித் தந்தார்கள். எனக்குப் பின்னல் தொழிற்சாலையில் வேலை கேட்டுப் போனவரும் பிலார்தான்.

குடும்பத்தை அழைக்க விண்ணப்பம் கொடுக்கப் போனபோது நெனித்தா என்னோடு காவல்நிலையத்துக்கு வந்தார். அங்கே இருந்த உத்தியோகத்தர் என்னைப் பார்த்தார், என் பின்னால் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். விண்ணப்பிக்கும் கணவர் எங்கே என்று கேட்டார். கணவரைத்தான் அழைக்கக் கேட்கிறேன் என்றேன். அவர் தலையைச் சொறிந்தார். வந்தவர் கணவர், வரப்போகிறவர் மனைவி என்றுதான் எல்லாம் அவருக்குப் பழக்கம்.

நெனித்தா மேசையில் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டு, "முதல்ல வந்தது இவதான். நானும் அப்பிடித்தான் வந்தனான். அதில என்ன விளங்கேல்லை?" என்றார்.

உத்தியோகத்தர் எழுதிக்கொண்டார். அதன்பிறகு மாதங்கள் போயின. கேட்கும்போதெல்லாம் பரிசீலனையில் இருக்கிறது என்ற ஒரே பதில். எங்களைப் போன்றவர்களின் விண்ணப்பங்களைத் தொடாமல் வைத்திருக்கும்படி மேலிடத்திலேயே சொல்லியிருந்தார்கள் என்பதும், அதனால் ஓர் அரசாங்கமே பின்னால் கவிழும் என்பதும் அப்போது எங்களுக்குத் தெரியாது. தமிழர் வழக்கு என்று இன்று எல்லாரும் வாயாரச் சொல்கிறார்கள். அன்று அது எனக்கு, தொலைபேசியில் மகள் கேட்கும் ஒரு கேள்வி. அம்மா, நாளைக்கோ?

கணவரும் மகளும் வந்திறங்கிய நாளைப் பற்றி முன்பே எழுதிவிட்டேன். இந்த அத்தியாயம் அதற்கு முந்தியது. மே மாதக் கடைசி ஞாயிறுகளில் ஒன்று. அன்று எடுத்த படத்தின் பின்னால் நான் எழுதிய தேதியை அல்பத்தின் பசை தின்றுவிட்டது. கோவில் வேலியில் ஊதாப் பூ கொத்துக் கொத்தாகப் பூத்திருந்தது என்பது மட்டும் படத்தில் தெரிகிறது. நெனித்தா இதை அறிந்தால் சிரிப்பார்.

துடைத்தது யார்?

அந்த வருடம் ஆடி மாதத்தோடு சாரிங் ஊருக்கே திரும்பிப் போவதாக இருந்தார். கணவர் இறந்துவிட்டார், முழங்கால் தையல் இயந்திரத்தை மிதிக்க மறுத்துவிட்டது. அவர் போவதற்கு முன், கோவிலின் ஆண்டுவிழாவில், பலிபீடத்துக்கு முன்னால் ஒருமுறை அவருடைய பெயரைச் சொல்லி நன்றி சொல்ல வேண்டும் என்று நெனித்தா பங்குச்சபையைக் கேட்டார். பெயர் மட்டும். பேச்சு வேண்டாம், பரிசு வேண்டாம். சாரிங்கின் பெயரை, முடிந்தால் பிலாரின் பெயரையும். தன் பெயரைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை.

தலைவர் கெட்டவர் அல்லர். என் கோபத்துக்கு அதுவும் ஒரு காரணம். தன் தோட்டத்து அப்பிள்களைப் பையில் போட்டு எங்கள் வாசலில் வைத்துவிட்டுப் போகிற மனிதர். அவர் மிகவும் அன்பாக, ஒருவரை மட்டும் உயர்த்திச் சொல்வது இங்கே வழக்கம் இல்லை என்றார். எல்லாரும் சமம் அல்லவா? விருந்துக்குப் பிறகு, சமைத்த மனைவிமாருக்கெல்லாம் பொதுவாக ஒரு நன்றி சொல்லலாம். அது ஹுகெலியாக, இதமாக இருக்கும்.

பிலிப்பைன்ஸ்காரரின் மே மாதத் திருச்சிலுவைப் பவனியையும் அன்றைக்கே நடத்தக் கேட்டிருந்தார்கள். அதற்கு அனுமதி உண்டு. ஆனால் கூடத்துக்குள் மட்டும். வெளியே போனால் அயலவர்களுக்கு இடைஞ்சல். கோவிலுக்குள் வேண்டாம், அன்றைய நிகழ்ச்சிநிரலில் இடம் இல்லை.

கூட்டம் முடிந்து வரும்போது நெனித்தா என்னைக் கோவிலுக்குள் கூட்டிப்போனார். ஓர்கன் என்னும் பெரிய பாட்டுப்பெட்டியின் பக்கத்தில் ஒரு பித்தளைத் தகடு. அந்தப் பெட்டியை வாங்கிக் கொடுத்த கனவானின் பெயர் அதில் பொறித்திருந்தது. பெயர் பளபளவென்று மின்னியது.

"ஒருத்தரை மட்டும் உயர்த்துறது வழக்கமில்லையாம். இதைக் கிழமைக்குக் கிழமை துடைச்சுத் துடைச்சு மினுக்கினது ஆர்? சாரிங்."

 தெருவுக்கு வரும்வரை நெனித்தாவின் மூக்கு சிவந்திருந்தது.

மாலை போன இடம்

கோவிலில் சொல்லாவிட்டால் கூடத்தில் செய்வோம் என்று முடிவாயிற்று. சிலுவைப் பவனியில், கிறிஸ்துவின் சிலுவையைத் தேடிக் கண்டெடுத்த எலேனா அரசியாக ஒரு பெண் உடுத்திக்கொண்டு நடப்பாள். வழக்கமாக ஊரிலேயே அழகான குமரிப்பிள்ளைக்குத்தான் அந்த இடம். அந்த வருடம் அது சாரிங்குக்கு என்று பெண்கள் எல்லாரும் சேர்ந்து சொன்னார்கள். குமரிப்பிள்ளைகள் ஒருவரும் முகம் சுளிக்கவில்லை.

நான் மூவருக்கும் மாலை கட்டித் தருவதாகச் சொன்னேன். பூ ஏது? எங்கள் தொழிற்சாலையில் நூல் சுற்றிய கூம்புகளின் அடியில் மிஞ்சும் கழிவு நூல் பை பையாகக் கிடக்கும். மேற்பார்வையாளரிடம் கேட்டு, செம்மஞ்சளும் வெள்ளையுமாகப் பொறுக்கி வந்தேன். நூலைப் பந்து பந்தாகக் கட்டிக் கத்தரித்தால், சற்றுத் தள்ளி நின்று பார்க்கிறவருக்குச் செவ்வந்தி என்றே தோன்றும். பிலாரின் மகளும் சிநேகிதிகளும் என்னோடு இருந்து கட்டினார்கள்.

மாலை கழுத்துக்கு என்று நான் நினைத்தேன். அவர்களுடைய பண்டிகை உடுப்பைப் பற்றி நான் யோசிக்கவில்லை. அதன் கைகள் வண்ணத்துப்பூச்சியின் இறக்கை போல விறைத்துத் தோளுக்கு மேலே நிமிர்ந்து நிற்கும். மாலை போட்டால் நசுங்கிவிடும். பிள்ளைகள் யோசித்துப் பார்த்துவிட்டு, மாலைகளைக் கொண்டுபோய் படங்களுக்குப் போட்டார்கள். அவர்களுக்கு அது அலங்காரம். மெழுகுதிரிகளை ஏற்றியவர் ஒரு டேனிஷ் பெண்மணி. கோப்பி குடிக்க உட்கார்ந்தாலே மெழுகுதிரி ஏற்றுகிற நாடு இது.

படத்தின் அடியில் பெயர் எழுதியதும் அந்தப் பிள்ளைகள்தான். இன்னாரின் மனைவி என்று எழுதாமல், மூவரும் பிறந்தபோது பெற்ற பெயர்களை எழுதியிருந்தார்கள்.

கறுப்பு வெள்ளைப் படம், எரியும் திரி, மாலை. இதைக் கண்ட தமிழன் வேறு என்னதான் நினைப்பான்? சன்னலில் நின்ற எனக்கு அது உறைத்தபோது சூசை அண்ணை ஏற்கனவே முழந்தாளில் நின்றார்.

ஆமென் சொன்னவர்

செபம் முடிந்ததும் அவர் எழுந்து நேரே சமையலறைச் சன்னலுக்கு வந்தார். கண் கலங்கியிருந்தது.

"என்ன பிள்ளை இது. மூண்டு பேரும் ஒரே நாளிலயோ? கார் ஏதும் அடிபட்டதோ?"

அப்போதுதான் என் தோளுக்குப் பின்னால் நெனித்தாவைக் கண்டார். கையிலிருந்த தொப்பி கீழே விழுந்தது. வாய் திறந்தபடி நின்றது.

நான் இருவருக்கும், இரண்டு மொழியிலும், நடந்ததை விளக்கினேன். நெனித்தா சிரித்தார். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, அடுப்புத் திண்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சூசை அண்ணை இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். பின்னால் நின்ற ஒருவர், அண்ணை ஆட்களை மேலே அனுப்பியே விட்டார் என்று சொல்ல, எங்கள் ஆட்களும் அடக்க முடியாமல் சிரித்தார்கள்.

திடீரென்று நெனித்தா சிரிப்பை நிறுத்தினார். போய்ச் சாரிங்கைக் கூட்டி வந்தார். பக்க அறையில் பிலார் அவருக்கு உடுத்திவிட்டுக்கொண்டிருந்தார். வெள்ளை உடுப்பும் தங்கக் காகித முடியுமாகச் சாரிங் கதவில் தோன்றியபோது, எங்கள் ஆண்கள் ஓரடி பின்வாங்கினார்கள்.

சாரிங் என்னைத்தான் கேட்டார்.

"என்ர பேரையும் சொன்னவரோ?"

"ஓம் ஆத்தே."

"முழுப் பேரையுமோ? கலியாணத்துக்கு முந்தின பேரை?"

"அதைத்தான் சொன்னவர்."

"தலைவர் நிண்டவரோ?"

"நிண்டவர். ஆமெனும் சொன்னவர்."

 சாரிங் காகித முடியை நேராக்கிக்கொண்டு, "அப்ப கோவிலுக்குப் போவம்" என்றார்.

என்ன செய்து தன் பிழையைக் கழுவுவது என்று தவித்துக்கொண்டிருந்த சூசை அண்ணைக்கு இது போதும். சமையலறை அலுமாரியிலிருந்து பெரிய வெள்ளை மேசைவிரிப்பை இழுத்தெடுத்தார். நால்வரைக் கூப்பிட்டு நான்கு மூலையையும் பிடித்துச் சாரிங்கின் தலைக்கு மேலே உயர்த்தச் சொன்னார். மேற்கட்டி. ஊரில் நற்கருணைக்கும் புனிதர்களின் சுருவத்துக்கும் மட்டுமே பிடிப்பது.

"பொம்பிளைக்கோ அண்ணை?" என்று ஒருவர் முணுமுணுத்தார்.

"உயிரோட இருக்கிற மனிசிக்குச் செத்தவீட்டுச் செபம் சொல்லிப்போட்டன் மோனை. இனி இதுக்குக் குறைவாச் செய்யேலாது. பிடி."

முன்னால் சிலுவையோடு ஒரு சிறுமி. மேற்கட்டியின் கீழே, முழங்கால் வலிக்க வலிக்கச் சாரிங். இருபுறமும் பிலாரும் நெனித்தாவும். நெனித்தா ஏப்ரனைக்கூடக் கழற்றவில்லை. பின்னால் பிலிப்பைன்ஸ்காரர் பாட, பாட்டுத் தெரியாத நாங்கள் கூடவே நடந்தோம். கூடத்தைச் சுற்றவில்லை. நேரே வாசலால் வெளியேறி, முற்றத்தைக் கடந்து கோவில் கதவை அடைந்தோம்.

தலைவர் விரைந்து வந்து கதவருகே நின்றார். கூடத்துக்குள் மட்டும் என்றல்லவா பேசியிருந்தோம் என்று, சிரித்த முகம் மாறாமல், தாழ்ந்த குரலில் சொன்னார்.

சாரிங் நின்றார். மேற்கட்டியும் நின்றது.

"நான் செத்துப்போனன். நீங்களும் ஆமென் சொன்னனீங்கள். செத்தவளைக் கோவிலுக்க விடாமல் எங்க வைக்கப் போறியள்?"

தலைவர் என்னைப் பார்த்தார். அவர் எதற்கு ஆமென் சொன்னார் என்பதை நான் விளக்கினேன். கழுத்திலிருந்து மேல்நோக்கி அவர் சிவந்து வந்ததை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு விலகினார். மேற்கட்டி நுழைய ஒற்றைக் கதவு போதவில்லை. பூட்டியிருந்த மற்றக் கதவையும் அவரே திறந்துவிட்டார். அதையும் எழுதத்தான் வேண்டும்.

பலிபீடத்தின் முன்னால் சூசை அண்ணை திரும்பி நின்றார். செபம் எதுவும் சொல்லவில்லை. அதே குரலில் மூன்று பெயர்களை மட்டும் சொன்னார், ஒவ்வொன்றுக்கும் பிறகு நிறுத்தி. முதல் பெயருக்குச் சாரிங், பள்ளிக்கூடத்தில் இடாப்புக் கூப்பிட்டது போல, "ஹெர்" என்றார். டேனிஷில் இங்கே என்று அர்த்தம். பிலாரும் சொன்னார்.  தன் பெயரை எதிர்பாராத நெனித்தா கையை மட்டும் தூக்கிக் காட்டினார்.

இப்போது

சாரிங் ஆடியில் போனார். பல வருடங்களுக்குப் பிறகு, அவருடைய தீவில் அவர் இறந்த செய்தி வந்தது. சூசை அண்ணை தளர்ந்துவிட்டிருந்தார். அதே கூடத்தில் சாரிங்குக்காக அதே செபத்தை மறுபடியும் சொன்னார். இந்த முறை மெதுவாகச் சொன்னார். பிலாரும் காலமாகிவிட்டார்.

பித்தளைத் தகடு இன்னும் பாட்டுப்பெட்டியின் பக்கத்தில் இருக்கிறது. மூவருக்கும் எங்கேயும் ஒரு தகடு இல்லை. டேனிஷ்காரர் அதைச் செய்யாததற்கு வழக்கம் என்று ஒரு காரணம் சொன்னார்கள். செய்தவரின் பெயரைக் கல்லிலும் பதாகையிலும் அழைப்பிதழிலும் போடுவதே வழக்கமான எங்கள் சமூகம், அவர்களுக்கு மட்டும் "உணவு பரிமாறும் பெண்கள்" என்று எழுதியதற்கு என்ன காரணம் சொல்லப் போகிறது? அவர்கள் ஊட்டியதைச் சாப்பிட்டோம், போர்த்தியதை உடுத்தோம், அவர்கள் கூட்டிப்போன வாசல்களால் உள்ளே போனோம். பெயரை மட்டும் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். இந்தத் தொடரின் தலைப்புக்குப் பக்கத்தில் கிழமைதோறும் என் படத்தைப் போடுகிறீர்கள். இடம் காணாவிட்டால் அதை எடுத்துவிடுங்கள். கீழே உள்ள வரிகளில் கைவைக்க வேண்டாம்.

ரொசாரியோ மக்சினோ. நாங்கள் சாரிங் என்று கூப்பிட்டவர்.

பிலார் இலகான்.

நெனித்தா தலுசான். இவர் இருக்கிறார். படத்துக்கு மாலை போட்டுவிடாதீர்கள்.